கடல்காற்று வந்தால் எண் ஏறுகிறது: கடலூர் மொட்டைமாடிக் கணக்கு

கடலூரில் சில இரவுகளில் இலங்கை எஃப்எம் நிலையங்கள் உள்ளூர் நிலையம் மாதிரி தெளிவாகக் கேட்கும். மறுநாள் அதே இடத்தில் வெறும் இரைச்சல்தான். யாழ்ப்பாணமே இங்கிருந்து சுமார் 230 கி.மீ.; அலை நேராகப் போனால் அடிவானத்தைத் தாண்டி வர வழியில்லை. காற்று அதை வளைக்கிறது. எவ்வளவு வளைக்கிறது என்று பார்க்க, மொட்டைமாடி நிழலில் காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் அளக்கும் ஒரு பிஎம்இ280 சென்சாரை மாட்டியிருக்கிறேன்.

காற்றின் ஒளிவிலகல் எண் 1.0003 அளவுதான். அதில் 1-ஐக் கழித்து மிச்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் கையாள வசதியான விலகல் மதிப்பு கிடைக்கும். ஸ்மித், வெயின்ட்ராப் என்ற இரு ஆய்வாளர்கள் 1953-ல் தந்த சூத்திரத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று, 77.6 × காற்றழுத்தம் ÷ வெப்பநிலை. மற்றது, 3,73,000 × நீராவி அழுத்தம் ÷ வெப்பநிலையின் வர்க்கம். அழுத்தம் ஹெக்டோபாஸ்கலில், வெப்பநிலை கெல்வினில்.

கத்திரி வெயிலில் ஒரு மதியம்: 39 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். முதல் பகுதி 249, இரண்டாவது 80, ஆக 329. கொஞ்ச நேரத்தில் கடல்காற்று உள்ளே வந்தது. 33 டிகிரி, 70 சதவீதம். இப்போது 254-ம் 140-ம் சேர்ந்து 394! ஏறிய 65-ல் 60 நீராவியின் வேலை. காற்றில் அது நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான்.

நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். ரேடியோ அலையின் மின்புலத்துக்கு ஏற்ப அது திரும்பிக் கொடுக்கும். ஒளியின் அதிர்வு அதற்கு மிக வேகம், திரும்ப நேரமில்லை. அதனால் கண்ணுக்கு ஈரக்காற்றும் வறண்ட காற்றும் ஏறக்குறைய ஒன்றுதான், ரேடியோவுக்கு அப்படியில்லை.

இதனால் சென்சாரில் அழுத்தத்தைவிட ஈரப்பதத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் தவறினால் விடை கால் அலகு மாறும். ஈரப்பதம் 3 சதவீதம் தவறினால், நம்மூர்ச் சூட்டில், 6 அலகு போய்விடும். சரிபார்க்கக் கல்லுப்பு போதும். நனைந்த உப்பை ஒரு மூடிய டப்பாவில் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். உப்புக்காற்றில் சென்சார் சீக்கிரம் கெடும், அவ்வப்போது இதைச் செய்வது நல்லது.

சரி, தரையில் மதிப்பு ஏறினால் இலங்கை கேட்குமா? அது மட்டும் போதாது. மேலே போகப்போக எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே முக்கியம். சாதாரணமாகக் கிலோமீட்டருக்கு 40 அளவு குறையும். 157-க்கு மேல் குறைந்தால் அலை பூமியின் வளைவைவிட அதிகமாக வளைந்து, கீழேயே சிக்கிப் பயணிக்கும். கீழே கடலின் ஈரக்காற்று, மேலே மேற்கிலிருந்து வரும் வறண்ட அனல்காற்று என்று அடுக்கு விழும் கோடை மாலை இதற்குத் தோதானது. ஆனால் எஃப்எம் அலை மூன்று மீட்டர் நீளம்; அது சிக்க அடுக்கு சுமார் 200 மீட்டர் தடிமனாவது வேண்டும். மொட்டைமாடி உயரத்தில் அதை அளக்க முடியாது.

ஆகவே காரைக்காலில் வானிலைத் துறை விடும் பலூனின் தரவை எடுத்து, ஒவ்வொரு உயரத்துக்கும் அதே சூத்திரத்தைப் போடுகிறேன். தரையருகே புள்ளிகள் குறைவு என்பது எரிச்சல்தான். இருந்தாலும் முதல் சில நூறு மீட்டரில் ஈரம் சட்டென்று அறுந்திருக்கும் நாட்களில் இரவு ரேடியோ பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. மழை பெய்து காற்று நன்றாகக் கலந்த நாட்களில் தரை மதிப்பு 390 இருந்தும் காரைக்கால் வானொலிகூட மங்கலாகத்தான் வந்தது.