பதினோராவது ஆள் வந்தாச்சா?

மார்ச் கடைசி. எஸ்தோனியாவின் தார்த்து நகரில் பனி இன்னும் முழுசாக உருகவில்லை. செயற்கைப் புல்தரையில் கிடந்ததை வண்டி வைத்துத் தள்ளி, மைதானத்தின் ஓரத்தில் கருத்த மேடாகக் குவித்திருந்தார்கள். அந்த மேட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் என் முதல் எஸ்தோனியக் கால்பந்து லீக் ஆட்டத்தைப் பார்த்தேன். டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. பார்க்க வந்தவர்கள் என்னையும் சேர்த்துப் பதினேழு பேர், இரண்டு நாய்கள்.

கூப்பிட்டது ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரன். வாரம் முழுக்க மைக்ரோஸ்கோப், சனிக்கிழமை கோல்கீப்பர். அவன் அணி ஆடுவது 'கோல்மஸ் லீகா'வில், அதாவது மூன்றாம் லீக்கில். பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. உச்சியில் பிரீமியம் லீகா. அங்கே 10 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு நாலு முறை மோதி 36 ஆட்டம். அதன் கீழே எஸிலீகா, அடுத்தது எஸிலீகா பி, அதற்கும் கீழேதான் இரண்டாம் லீக். ஆக மூன்றாம் லீக் என்பது ஐந்தாவது படி. இந்தக் கணக்கைச் சொல்லும்போது எஸ்தோனியர்களுக்கே லேசாகச் சிரிப்பு வரும்.

கால்பந்துக்கு அவர்கள் சொல் 'யல்க்பல்'. யல்க் என்றால் கால், பல் என்றால் பந்து. கோலுக்குச் சொல்வது 'வாரவ்'. வீட்டு வாசல் கேட்டுக்கும் அதே சொல்தான். பெயர்ச்சொல்லின் வாலில் உருபை ஒட்டுவது நமக்குப் பழகிய வித்தைதான் என்று தைரியமாகக் கற்க ஆரம்பித்தேன். நம்மிடம் வேற்றுமை எட்டு, அவர்களிடம் பதினாலு. ஏப்ரலோடு தைரியம் போய்விட்டது. ஆனால் எண்கள் மட்டும் நன்றாக வந்தன. காரணம், அந்த அணியோடு இருந்தால் காலை முதல் மாலை வரை ஆள் எண்ணுவதுதான் வேலை.

சீசன் மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடியும். குளிர்காலத்தில் வெளியே ஆட வழியில்லாததால் இந்த ஏற்பாடு. ஆனால் கோடைக்கு வேறு தொல்லை உண்டு. ஜூன் 23 இரவு யானிபாவ். ஊர் ஊராகத் தீ மூட்டி, பீர் குடித்து, இருட்டவே மறுக்கும் வானத்தின் கீழ் விடிய விடிய விழித்திருப்பார்கள். அது முடிந்ததும் பாதி நாடு கிராமத்து வீட்டுக்குப் போய்விடும். மீதியில் ஒருவனுக்குப் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கட்டட வேலை. எங்கள் தலைநகர் தாலினிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் சனிக்கிழமை ஷிஃப்ட் போட்டால் அவன் இல்லை. இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் ஜூலையில் ராணுவத்துக்குப் போனான். இங்கே அது கட்டாயம், 8 மாதமோ 11 மாதமோ. முடியை ஒட்ட வெட்டிய படத்தை அணியின் குழுவில் போட்டுவிட்டு, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தான். எட்டுப் பேர் அழும் பொம்மை போட்டார்கள். கோல்கீப்பர் மட்டும், 'அப்போ சனிக்கிழமை எத்தனை பேர்?' என்று கேட்டான்.

நான் தண்ணீர் பாட்டில் தூக்கினேன், படம் எடுத்தேன், வெளியே போன பந்தை காஞ்சொறிச் செடிக்குள்ளிருந்து பொறுக்கினேன். கூலி: வறுத்த சாசேஜ், சாக்லேட் பூசிய தயிர்க்கட்டியான 'கொஹுகே', சில நாள் சானா என்ற சுடுகல் நீராவிக் குளியல். சானாவில் வைத்துத்தான் பயிற்சியாளர் அந்தக் காத்ரியோர்க் கதையைச் சொன்னார்.

1996 அக்டோபர் 9, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. தாலினின் காத்ரியோர்க் மைதானத்தில் எஸ்தோனியாவும் ஸ்காட்லாந்தும் மோத வேண்டும். மின்விளக்கு சரியில்லை என்று ஸ்காட்லாந்து புகார் செய்ய, மாலை ஆட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு இழுத்தார்கள். எஸ்தோனியா அந்த நேரத்துக்கு வரவே இல்லை. ஸ்காட்லாந்து தனியாக இறங்கிப் பந்தை உதைத்தது, மூன்று நொடியில் ரெஃப்ரி விசிலடித்து முடித்துவிட்டார். ஸ்காட்லாந்து ரசிகர்கள், தாலினில் ஒரே ஒரு அணிதான் இருக்கிறது என்று பாடித் தீர்த்தார்களாம். பிறகு 1997 பிப்ரவரியில் மொனாக்கோவில் திரும்ப ஆடி 0–0. சொல்லி முடித்துவிட்டுப் பயிற்சியாளர் கல்லில் தண்ணீர் ஊற்றினார். "நம்ம நாட்டுக்கே ஆள் வராத வரலாறு இருக்கு. நாம எம்மாத்திரம்!"

ஆகஸ்டில் சாரெமா தீவில் ஆட்டம். தார்த்துவிலிருந்து நாட்டின் குறுக்கே வண்டி ஓட்டி, விர்த்சு என்ற சின்னத் துறைமுகத்தில் கப்பலேற வேண்டும். அரை மணிக்கும் குறைவான கடல்தான். வரிசையில் நின்றபோது எண்ணினோம்: ஒன்பது. பத்தாவது ஆள் தூங்கிப்போய், பின்னால் தனிக் காரில் வந்துகொண்டிருந்தான். பதினோராவது ஆள் வருவதாகவே இல்லை.

"எந்த ஊர்ல நிக்கிறோம் தெரியுமா?" என்றான் கோல்கீப்பர். 2015இல் எஸ்தோனியக் கோப்பையில் இந்த விர்த்சுவின் அமெச்சூர் அணி, தாலினின் இன்ஃபோனெட்டிடம் 36–0 என்று தோற்றது. எஸ்தோனியக் கோப்பையில் அப்படித்தான், யாரும் யாரோடும் மாட்டிக்கொள்ளலாம். அடுத்த வருஷமே இன்ஃபோனெட் நாட்டின் சாம்பியன். 2017 முடிவில் தாலினின் இன்னொரு அணியான லெவாதியாவோடு இணைந்துவிட்டது. விர்த்சு பெட்டிக்கடையில் காபி வாங்கும்போது, கல்லாவில் இருந்த அம்மாவிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்க நாக்கு துடித்தது. கோல்கீப்பர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். முப்பத்தாறு முறை வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்த ஒருவனின் கதை அவனுக்குச் சிரிப்பு விஷயமில்லை.

ஒன்பது பேரோடு தொடங்கினோம். விதிப்படி ஏழு பேர் இருந்தால் போதும். அடுத்த கப்பலில் வந்தவன் இருபதாவது நிமிஷத்தில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே உள்ளே ஓடினான். அதற்குள் இரண்டு கோல் வாங்கியிருந்தோம். முடிவு 5–1. அந்த ஒன்றை அடித்தவன் தூங்கிப்போனவன்தான், அதனால் யாராலும் திட்ட முடியவில்லை.

செப்டம்பரும் அக்டோபரும் மழையில் கரைந்தன. பட்டியலில் கீழிருந்து மூன்றாவதாக நின்றோம்.

கடைசி ஆட்டம் நவம்பர் முதல் வாரம், எங்கள் மைதானத்தில். மழையும் பனியும் கலந்து சாய்வாக அடித்தது. அதிசயம், எங்கள் பக்கம் பதின்மூன்று பேர்! ஹெல்சிங்கிக்காரன்கூட வந்திருந்தான். எதிரணி வேனிலிருந்து இறங்கியது ஆறு பேர். ரெஃப்ரி காத்திருந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி காத்திருந்தார். யாரோ "காத்ரியோர்க்!" என்று கத்த, ரெஃப்ரிக்கே சிரிப்பு வந்தது. ஆட்டம் நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அந்த ஆறு பேரும் ஒரு மணி நேரம் ஈரத்தில் வண்டி ஓட்டி வந்தவர்கள். எங்களவர்களோ வருஷத்தில் முதன்முறையாக முழுசாக வந்தவர்கள். கலந்து பிரித்து ஆடலாம் என்று முடிவானது. பயிற்சியாளர் எண்ணினார், பத்தொன்பது. திரும்பி என்னைப் பார்த்தார்.

ராணுவத்துக்குப் போனவனின் ஷூ பையிலேயே கிடந்தது. இரண்டு சைஸ் பெரிசு. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு வலப்பக்கம் நின்றேன். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியது, பந்து கண்ணுக்குத் தெரியாத வரை ஆடினோம். நான் பந்தைத் தொட்டது நாலு முறை. அதில் ஒன்று கையால்.