எஞ்சின் மவுண்ட் பேட்டன்ட்: 'இது யாருக்கும் தோன்றுமே' என்றால் என்ன பதில்?

எஞ்சினை வாகனத்தில் தாங்கி, அதன் அதிர்வைத் தடுக்கும் எஞ்சின் மவுண்ட் என்றால் பார்வைக்கு இரண்டு இரும்புத் துண்டு, நடுவே ரப்பர். அதனாலேயே அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவில் சுலபமாக மாட்டிக்கொள்கிறது. துறை தெரிந்த சாதாரணப் பொறியாளருக்கே தோன்றியிருக்கும் என்றால் பேட்டன்ட் நிற்காது. எதிர்த்தரப்பு ஒரு பழைய ஆவணத்திலிருந்து பிராக்கெட்டையும் இன்னொன்றிலிருந்து ரப்பரையும் எடுத்து ஒட்டிக் காட்டும்.

2007இல் வந்த கே.எஸ்.ஆர். – டெலிஃப்ளெக்ஸ் தீர்ப்பு இந்த ஒட்டுவேலைக்கு வாசலை அகலமாகத் திறந்துவிட்டது. அதுவும் வாகனப் பாகத்தை எங்கே பொருத்துவது என்ற தகராறுதான்: முன்பின் நகரும் பெடலில், சென்சாரை அசையாத சுழல்முனையில் வைத்தார்கள். அது வெளிப்படையானதே என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே இடமாற்றத்தை மட்டும் நம்பும் கிளெய்ம் (பேட்டன்ட்டில் உரிமை கோரும் வாசகம்) பிழைப்பது கஷ்டம்.

எதிர்த்தரப்பு ஒட்டும் இரண்டு பழைய ஆவணங்களையும் சேர்த்தால் எது கெடும் என்பதை எண்ணில் காட்டினால்தான் எடுபடும். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால் முக்கிய அதிர்வு 25 ஹெர்ட்ஸ். மவுண்ட்டின் இயல்பு அதிர்வெண் சுமார் 17.7க்குக் கீழே இறங்கினால்தான் அதிர்வு தடுபடத் தொடங்கும். 'அப்படியானால் ரப்பரை மென்மையாக்கத் தூண்டுதல் இருக்கிறதே' என்பார்கள். சரி, ஆனால் செங்குத்து அதிர்வெண்ணை 10இலிருந்து 5 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் எஞ்சின் எடையில் வரும் தாழ்வு 2.5 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆகிவிடும். நிலையான சுமையில் ரப்பர் இன்னும் சற்று மெத்தென்று இருப்பதால், நிஜத்தில் அதற்கும் மேலே போகும். முதல் ஆவணத்தின் நோக்கமே குறுகிய இடைவெளியில் எஞ்சினை அடக்குவது என்றால், இந்த மாற்றம் அந்த நோக்கத்தையே கெடுக்கிறது. வெறும் 'கொஞ்சம் பாதகம்' என்று மட்டும் சொன்னால் போதாது. ஒன்றை விட்டு ஒன்றைப் பெறுவது பொறியாளரின் அன்றாட வேலை என்று தள்ளிவிடுவார்கள்.

2018இல் பொலாரிஸ் – ஆர்க்டிக் கேட் வழக்கு, இருக்கைக்குப் பின்னால் எஞ்சின் வைத்த இருவர் வாகனம் பற்றியது. பழைய ஆவணம் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. அதன் இருக்கைக்கு அடியில் எரிபொருள் டேங்கை நுழைத்தால் இருக்கை உயரும். தாழ்ந்திருக்க வேண்டும் என்ற அந்தக் கருத்தை வெறும் சொந்த விருப்பம் என்று காப்புரிமை அலுவலகத்தின் வாரியம் ஒதுக்கியதை ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

பலர் சறுக்கும் இடம் சோதனை முடிவு. கிளெய்மில் ரப்பர் கடினம் 40 முதல் 70 ஷோர் ஏ (ரப்பர் கடினத்தின் அளவுகோல்) என்று எழுதிவிட்டு, 55இல் மட்டும் சோதித்து 'எதிர்பாராத பலன்' என்றால் எடுபடாது. இரு முனையிலும், எல்லைக்கு வெளியிலும், மிக நெருங்கிய பழைய வடிவமைப்போடு ஒரே எஞ்சினில் ஒப்பிட வேண்டும். சோதனை இல்லையென்றால் எல்லையைச் சுருக்குவதே மேல்.

எதிர்த்தரப்பு நிபுணரின் பிரமாணத்தில் வினைச்சொற்களைப் பாருங்கள். 'இணைத்திருக்க முடியும்' என்று இருக்கிறதா, 'இணைத்திருப்பார், ஏனென்றால்' என்று இருக்கிறதா? முதல் வகை மட்டுமே இருந்தால், குறுக்கு விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம்.