முகத்துவாரத்துக்கு வெளியே

மட்டக்களப்பு கல்லடியில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. முதல் இரண்டு நாளும் என் கை தானாகப் போய் அதை மூடியது. "ஏன் மகள், நல்லா அள்ளி முழுகன்" என்றார் அம்மா.

நானும் கணவரும் வாழும் படகில் எங்கள் இருவருக்கும் நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர்தான். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவி, கடைசியாக ஒரு கோப்பை நல்ல தண்ணீரில் அலசுவோம். அம்மா தந்துவிட்ட வறுத்த மாவில் பிட்டு அவிப்பதென்றால்கூட முதலில் தொட்டியை எட்டிப் பார்ப்பேன். மலேசியாவின் லங்காவியில் வாங்கிய பழைய 34 அடிப் பாய்மரப் படகு அது. கப்பலில் எஞ்சின் வேலை பார்த்த என் கணவருக்குச் சொந்த ஊர், கல்லடிக்குத் தெற்கே பாண்டிருப்பு. ஆறு வருடமாக அதுதான் எங்கள் வீடு.

"படகை ஏன் இங்கே கொண்டுவரவில்லை?" ஊரில் எல்லோரும் கேட்டார்கள். கேட்கும்போதெல்லாம் மனம் கனத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் படகு திருகோணமலை மாதிரியான துறைமுகத்தில்தான் பதிய வேண்டும். அதை முடித்துவிட்டு வரலாமே என்றால், வாவி கடலில் சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் இருக்கிறது. கோடையில் மணல் மூடிவிடும். மாரி வெள்ளம் உடைத்துத் திறந்தாலும் வாயில் அலை முறியும், ஆழமும் நம்ப முடியாது. மீன்பிடி வள்ளங்கள் போய்வரும். எங்கள் படகின் அடியோ நீருக்குள் 1.8 மீட்டர் இறங்கும். ஒரு அலை தூக்கி மணலில் போட்டால் சுக்கான் போய்விடும். நான் பிறந்த வாவிக்குள் என் வீடு நுழைய முடியாது.

மாசியில், வாடைக் காற்று பின்னால் தள்ள, நண்பகலில் திருகோணமலையை விட்டுத் தெற்கே வந்தோம். ஓடும்போது நான்கு மணி நேரம் ஒருவர் காவல், மற்றவர் தூக்கம். திசை, காற்று, சுற்றிலும் தெரியும் வெளிச்சங்கள் எல்லாவற்றையும் சொல்லிக் கைமாற்றுவோம். இந்தக் கரையில் வலைகளுக்கு மேல் மினுங்கும் சின்ன விளக்குகளைத் தவறவிட்டால் கயிறு புரொப்பெல்லரில் சுற்றிவிடும். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது நாளில் ஒரு வேளைதான். தூக்கமும் துண்டு துண்டாகத்தான், அதனால் தூங்குகிறவரைக் காரணமில்லாமல் எழுப்புவதில்லை. இத்தனை வருடத்தில் நாங்கள் அதை மீறியதில்லை.

இரவு பன்னிரண்டிலிருந்து என் காவல். வரைபடத்தில் ஹேர்மிஸ் மூழ்கிய இடத்தின் குறி வந்தது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாழ்த்திய பிரித்தானியப் போர்க்கப்பல். 300 பேருக்கு மேல் போனார்கள். சின்ன வயதில் அப்பா கடலைக் காட்டிச் சொல்லும் கதை. அதன் பக்கமாகப் போகும்போது மேற்கே கரையோரம் மங்கலான மஞ்சள் வெளிச்சம். ஃபோனில் ஒரு கோடு சிக்னல் வந்தது.

"எங்க நிக்கிறீங்க?" அம்மா தூங்கவில்லை.

"உங்களுக்கு நேர கிழக்க."

"கதவத் திறந்துதான் பாத்துக்கொண்டு நிக்கன்."

அப்புறம் சிக்னல் போய்விட்டது.

உள்ளே இறங்கிக் கணவரை எழுப்பினேன். ஏன் என்று கேட்கவில்லை. போர்வையோடு மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வெளிச்சம் பின்னால் போய் மறையும்வரை இருவரும் பேசவில்லை.

நான்கு மணிக்குச் சுக்கானைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். ஐந்தரை இருக்கும், என் தோளைத் தொட்டார்.

"எழும்பு. பாண்டிருப்பு தெரியுது."