இடது முன்சக்கரமும் ஒரு ஸ்லைடு பின்னும்: மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை

பிரேக் விடாமல் பிடித்துச் சூடேறிக்கொண்டிருந்த என் காரின் இடது முன்சக்கரம் கடைசியில் வழிக்கு வந்துவிட்டது. நேற்று காலை வேளச்சேரியிலிருந்து முட்டுக்காடு வரை போய்த் திரும்பி, வண்டியை நிறுத்திய கையோடு வெப்பமானித் துப்பாக்கியை நீட்டினேன். இடது 61 டிகிரி, வலது 59. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே சாலையில் இதே ஓட்டத்துக்கு இடது 118, வலது 63. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேக் டிஸ்கின், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டின், பளபளப்பான பரப்பில் அடித்தால் எண் குறைவாகத்தான் காட்டும். பளபளக்கும் உலோகத்தை இந்தக் கருவிகளால் சரியாக அளக்க முடியாது. நான் டிஸ்கின் நடுவில், துரு ஏறி மங்கிக் கிடக்கும் வட்டத்தில் அடிக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

வண்டி 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இடது பக்கம் லேசான இழுப்பு, இடது ரிம்மில் மட்டும் கரும்பொடி, சிக்னலில் நின்றால் தீய்ந்த வாடை. வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். "காலிப்பர் ஜாம் சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்." (பேட் என்னும் உராய்வுக் கட்டைகளை டிஸ்கின் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கவ்விதான் காலிப்பர்.) பேட், காலிப்பர், லேபர், வரி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமலே எழுதிய எஸ்டிமேட் அது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

முதல் ஞாயிறு. ஜாக்கி ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்குக் கல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. காலிப்பரைத் தூக்கியதும் பேட் இரண்டும் கதையைச் சொல்லிவிட்டன. வெளிப்பக்க பேட்டில் 7 மில்லிமீட்டர் மிச்சம். உள்பக்க பேட் ஒரு முனையில் 5, மறு முனையில் 2. ஆப்பு மாதிரி சரிந்து தேய்ந்திருந்தது. பேட் சரிவாகத் தேய்ந்தால் காலிப்பர் நேராக நகரவில்லை என்று அர்த்தம். அடுத்து சீ கிளாம்பை வைத்து பிஸ்டனை உள்ளே தள்ளினேன். எந்த முரண்டும் இல்லாமல் வெண்ணெய் மாதிரி போனது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் 'பூட்' என்னும் ரப்பர் உறையில் கிழிசல் இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. பிஸ்டன் இப்படிப் போகிற காலிப்பரை எதற்காக மாற்ற வேண்டும்? (தள்ளுவதற்கு முன் மேலே பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிரம்பி வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும்.)

காலிப்பர் பக்கவாட்டில் நகர்வது மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு ஸ்லைடு பின்களில். மேல் பின் விரலால் இழுத்ததும் வந்தது. கீழ்ப் பின் மயிரிழைகூட அசையவில்லை. மூன்று வாரக் கதையும் இந்தக் கீழ்ப் பின்னைப் பற்றியதுதான்.

அன்று பிளையரால் பிடித்து இழுத்தேன். தவறு. பின்னின் பளபளப்பான உடம்பில் இரண்டு கோடு விழுந்துவிட்டது. கீறல் விழுந்த ஸ்லைடு பின் மறுபடி போட லாயக்கில்லை. டபிள்யூடி-40 அடிக்கலாமா என்று கை போனது, நல்லவேளை அடிக்கவில்லை. அதுவும் பெட்ரோலியச் சரக்குதான், உள்ளே ரப்பர் இருக்கிறது. பழைய பேட்டையே மாட்டி, காலிப்பரைப் பழையபடி பூட்டி, அந்த வாரம் வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போனேன்.

இடையில் ஒரு நாள் எங்கள் தெருமுனையில் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் பேட்டின் படத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள ரப்பர் ஊதிப்போயிருக்கும் தம்பி. யாரோ சாதா கிரீஸ் வச்சிருக்கான்."

"எப்படிண்ணா கழட்டுறது?"

"இழுக்காத. சுத்து. சுத்திக்கிட்டே வெளிய கொண்டா. பிராக்கெட்டக் கழட்டி வெந்நீர் ஊத்து, இரும்பு கொஞ்சம் எளகும்."

ஒரு டீக்கு மேல் அவர் எதுவும் வாங்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு, ஸ்லைடு பின்கள் நுழைந்திருக்கும் பிராக்கெட்டையே கழற்றி வைஸில் பிடித்தேன். காலிப்பரைக் கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டேன். பிரேக் ஆயில் வரும் ஹோஸில் பாரம் ஏறவே கூடாது. கெட்டிலில் கொதித்த தண்ணீரை பிராக்கெட் மேல் மெதுவாக ஊற்றி, ரிங் ஸ்பேனரைப் பின்னின் தலையில் மாட்டி, கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம். முதல் அரை மணி நேரம் அது ஸ்பேனரோடு முறுக்கிக்கொண்டு திரும்பப் பழைய இடத்துக்கே போனது. ரப்பர் முறுக்குவது கையில் தெரியும், ஸ்பிரிங் மாதிரி திருப்பி அடிக்கும். மூன்றாவது கெட்டிலில் முதல் வழுக்கல். அப்புறம் இன்னொரு சிக்கல்: வெளியே இழுத்தால் உள்ளே உறிஞ்சியது. அடிப்பக்கம் காற்று புக வழியில்லாததால் வருகிற வெற்றிடம் அது. ஸ்லைடு பின்னை மூடியிருக்கும் பூட்டின் உதட்டை மழுங்கிய தீக்குச்சியால் லேசாகத் தூக்கிக் காற்று விட்டதும், 'ப்ளக்' என்று கையோடு வந்துவிட்டது. இரண்டே முக்கால் மணி நேரம்.

வெளியே வந்ததைப் பார்த்தபோதுதான் என் கணிப்பு எவ்வளவு தவறு என்று தெரிந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அதில் துருப்பிடித்துத்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன். துரு ஒரு துளி இல்லை. பின்னின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் உறை உண்டு, அடுத்த பின்னில் அது கிடையாது. அந்த உறை கொழகொழவென்று ஊதி, பழுத்த இலந்தை மாதிரி நின்றது. வெர்னியரில் அளந்தேன். புதியது 8.6, பழையது 9.5. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் அது நுழைய வேண்டிய துளையில் அந்த அளவுக்கு இடம் ஏது? சுற்றிலும் பழுப்பு நிறச் சாதாரண கிரீஸ். இரண்டு வருடத்துக்கு முன்னால் 'பிரேக் சர்வீஸ்' என்று பில்லில் ஒரு வரி இருந்தது, அந்த வேலையின் மிச்சம் இது.

பிரேக்கில் இருக்கும் ரப்பர், பிரேக் ஆயிலைத் தாங்குகிற ரகம். அந்த ரகம் பெட்ரோலியக் கிரீஸ், பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் தாங்காது, குடித்துக் குடித்து ஊதும். நம் ஊரில் பாதிப் பேர் பிரேக் பாகங்களைப் பெட்ரோலில் கழுவுகிறார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். எனக்கு ஆர்வம் தாங்காமல் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, மூடியில் சாதாரண கிரீஸில் முக்கி வைத்தேன். அது வேறு ரக ரப்பர்தான். இருந்தாலும் நாலே நாளில் ஓரம் சுருண்டு, தொட்டால் நொளுநொளுத்தது. இதற்குச் சிலிக்கான் கிரீஸ் வேண்டும், இல்லையென்றால் ரப்பர் கிரீஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்.

சாமான் வாங்க, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு. எஞ்சின் பெட்ரோலா டீசலா, ஏபிஎஸ் உண்டா என்று கேட்பார்கள், ஆர்.சி. புத்தகத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சேஸ் நம்பர் இருந்தால் தகராறே இல்லை. பேட் 1,350, பின்னும் பூட்டும் ரப்பரும் சேர்ந்த கிட் 640, சிலிக்கான் கிரீஸ் 260. மொத்தம் 2,250. பிரேக் பேட் நம் பக்கத்துச் சரக்கு என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பிரேக்ஸ் இந்தியா பாடியில் 1962-இல் தொடங்கியது, ரானே பிரேக் லைனிங் அம்பத்தூர். அப்படியே பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைப் பக்கம் நடந்தேன். கழற்றிய காலிப்பர் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி, கதவுக் கைப்பிடி, சீட் எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். பிரேக் சாமானை மட்டும் நான் அங்கே தொடமாட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, அதாவது நேற்று, பூட்டும் வேலை. துளையை பிரேக் கிளீனர் அடித்து, பஞ்சு சுற்றிய குச்சியால் வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். இங்கே நிறையப் பேர் செய்யும் தப்பு கிரீஸை அள்ளி வைப்பது. துளை அடியில் மூடியிருக்கிறது. கிரீஸ் அதிகமானால் போக இடமில்லாமல் பின்னை வெளியே தள்ளும், காலிப்பர் திரும்பவும் இறுகும். மெல்லிய பூச்சு போதும், பின்னின் உலோகம் உள்ளே தெரிய வேண்டும். முழுதும் தள்ளிவிட்டு, பூட்டின் உதட்டை மறுபடி தீக்குச்சியால் தூக்கி அடைபட்ட காற்றை விடுங்கள். கையை எடுத்ததும் ஸ்லைடு பின் தானாக எழும்பி வராமல் இருந்தால் சரி. என்னுடையது வரவில்லை. சுண்டுவிரலால் தள்ளினால் போகிறது, இழுத்தால் வருகிறது. அதையே பத்துப் பதினைந்து முறை செய்து பார்த்தேன்.

எல்லாம் பூட்டி முடித்ததும் அப்பா சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். முதல் மூன்று மிதி தரைவரை போனது, நாலாவதில் கெட்டியானது. பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருப்பதால் இப்படித்தான் இருக்கும். இதைச் செய்யாமல் வண்டியை நகர்த்தினால் முதல் பிரேக்கே பிடிக்காது. பார்க்கிங்கை விட்டு வெளியே வருமுன் இதுதான் கடைசி வேலை, யார் அவசரப்படுத்தினாலும்.

ஒர்க்‌ஷாப்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்குப் பத்து வண்டி வருகிற இடத்தில் ஒரு பின்னுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் யாரால் உட்கார முடியும்? காலிப்பரோடு மாற்றினால் அவர்களுக்கு அரை மணி வேலை, அந்த நேரத்தின் விலையை நாம் சாமானாகக் கொடுக்கிறோம். கிளட்ச், ஏ.சி. கேஸ், வீல் அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் நான் அவர்களிடம்தான் போவேன், சந்தோஷமாகப் பணம் கொடுப்பேன். பிரேக் பேடும் பின்னும் இனி என் வேலை.

அடுத்தது பிரேக் ஆயில். டப்பாவில் இருப்பது தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. அது டாட் 3 என்கிற ரகம், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு, ஈரம் ஏறியதற்கு அந்தக் கணக்கு 140. இடது சக்கரம் அவ்வளவு சூட்டில் ஓடியதை நினைத்தால் அதை இன்னும் வைத்திருக்க மனம் வரவில்லை. டாட் 4 ஊற்றலாம் என்று இருக்கிறேன், இரண்டும் ஒன்றோடொன்று சேரும். பழைய ஆயிலை வெளியேற்றும் திருகான பிளீடருக்கு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் அரை மீட்டர் வாங்கிவிட்டேன். பெடலுக்கு அப்பா இருக்கிறார். பின்சக்கர டிரம் பிரேக் எப்படி இருக்கிறதென்று அப்போதே பார்த்துவிடலாம்.

ஆனால் அதற்கு முன்னால் வலது பக்கம். நேற்று புது பேட் மாட்டும்போதே அந்தப் பக்கக் கீழ்ப் பின்னையும் சுற்றிப் பார்த்தேன். நகர்கிறது, பாதியில் ஒரு பிடி பிடிக்கிறது. அதே பழுப்புக் கிரீஸ் பூட்டின் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. வெப்பம் இன்னும் ஏறவில்லை, அதனால் நேரம் இருக்கிறது. கிட்டில் அந்தப் பக்கத்துக்கான ரப்பர் பிரிக்காமல் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கெட்டிலை அடுப்படியிலிருந்து எடுத்துப்போக அம்மாவிடம் சொல்லி வைத்துவிட்டேன்.