தோலில் தொடங்கியதா, உள்ளிருந்து வந்ததா? அம்மாவின் ஐ.எச்.சி. ரிப்போர்ட்

அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. பிறப்புறுப்பின் ஓரத்தில் அரிப்பு இருப்பதை மகளான என்னிடம் சொல்லவே அவருக்கு ரொம்ப காலம் பிடித்தது. அதுவரை மெடிக்கல் ஷாப்பில் இடத்தைச் சொல்லாமல், படைக்கு என்று மட்டும் கேட்டு வாங்கிய ட்யூப்தான் மருந்து. அப்படி விற்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசினால் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் திரும்பும். படை மட்டும் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் பார்த்தபோது தோல் நன்றாகச் சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் இருந்தன.

தோல் டாக்டர் பார்த்ததுமே, "இவ்வளவு நாளா மருந்துக்கு அடங்கலைன்னா பயாப்ஸி எடுத்தே ஆகணும்மா" என்றார். ரிப்போர்ட்டில் 'எக்ஸ்ட்ராமாமரி பேஜட் நோயாக இருக்கலாம், ஐ.எச்.சி. செய்து உறுதிப்படுத்தவும்' என்று வந்தது. ஐ.எச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) என்பது, எடுத்த திசுவில் சாயம் ஏற்றி, செல்களில் எந்தெந்தப் புரோட்டீன்கள் இருக்கின்றன என்று பார்க்கும் டெஸ்ட். 1874இல் ஜேம்ஸ் பேஜட் என்ற லண்டன் சர்ஜன் மார்புக் காம்பில் விவரித்த நோய்தான் பேஜட் நோய். அதுவே மார்புக்கு வெளியேயும் வரும் என்று 1889இல் குரோக்கர் எழுதினார். பிறப்புறுப்பு, ஆசனவாய், விதைப்பை, அக்குள் என வியர்வைச் சுரப்பிகள் மிகுந்த இடங்களில் வரும் அரிய தோல் புற்றுநோய்.

"கேன்சர்னு தெரிஞ்சு போச்சு, அறுத்து எடுக்காம இன்னும் எதுக்கு டெஸ்ட்?" என்று சித்தப்பா கேட்டார். இப்படித் தேடும் ஒவ்வொரு புரோட்டீனுக்கும், அதாவது மார்க்கருக்கும், தனிக் கட்டணம் என்பதால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் இந்த நோயில் தள்ளிப்போடவே கூடாத டெஸ்ட் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிலருக்கு இந்தச் செல்கள் தோலிலேயே உருவானவை. வேறு சிலருக்கு மலக்குடலிலோ சிறுநீர்ப்பையிலோ இருக்கும் கட்டியிலிருந்து தோலுக்கு ஏறி வந்தவை. உள்ளே கட்டி இருந்தால், தோலை மட்டும் வெட்டி என்ன பயன்?

வேறொரு ஆஸ்பத்திரியில் ஐ.எச்.சி. செய்வதற்காக, பயாப்ஸி எடுத்த இடத்தில், திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கைக் கேட்டேன். ஸ்லைடு மட்டும் தருகிறோம் என்றார்கள். டாக்டரின் கடிதத்தைக் காட்டி, கையெழுத்துப் போட்டு பிளாக்கையும் வாங்கினேன். சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகு, அதன் நடுவே பழுப்பாக ஒரு துணுக்கு, ஓரத்தில் எண். அம்மாவின் சதை அது. வெயிலில் நிற்கும் காருக்குள் இதை வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

நோயியல் டாக்டர் பொறுமையாக மைக்ராஸ்கோப்பிலேயே காட்டினார். நீலமாகத் தெரிந்த தோலடுக்கில் பெரிய, வெளுத்த செல்கள் தனித்தனியாகவும் கொத்தாகவும் சிதறிக் கிடந்தன. சிகே7 என்ற மார்க்கருக்கான சாயம் ஏற்றிய ஸ்லைடில் அவை மட்டும் அடர்பழுப்பாகத் தெரிந்தன, சுற்றியிருந்த தோல் செல்களில் அந்த நிறமே இல்லை. "ஊர் விட்டு ஊர் வந்தவரோட முகத்தைப் பார்த்தா தெரியாது, பேச்சைக் கேட்டா எந்த ஊர்னு தெரிஞ்சிடும் இல்லையா? இந்தப் புரோட்டீன்களும் அப்படித்தான்" என்றார்.

பார்வைக்கு இதே போல இருக்கும் போவன் நோயையும் (தோலின் மேலடுக்கில் வரும் ஆரம்பநிலைப் புற்றுநோய்) மெலனோமாவையும் (நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்) முதலில் விலக்க வேண்டும். அதற்கு பி63, எஸ்100, மெலன்-ஏ என்ற மார்க்கர்கள். மூன்றும் நெகட்டிவ். அடுத்ததுதான் எங்களைத் தூங்கவிடாத கேள்வி. சிகே7 தோலிலேயே உருவானதிலும் வரும், சிறுநீர்ப்பையிலிருந்து வந்ததிலும் வரும். அதனால் அது மட்டும் போதாது. சிகே20, சிடிஎக்ஸ்2 இரண்டும் பாசிட்டிவ் என்றால் குடல் பக்கம் சந்தேகம் போகும். யூரோபிளாகின் வந்தால் சிறுநீர்ப்பை. ஜிசிடிஎஃப்பி-15 வந்தால் தோலிலேயே உருவாகியிருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு சிகே7, ஜிசிடிஎஃப்பி-15 இரண்டும் பாசிட்டிவ், மற்றவை நெகட்டிவ்.

சொந்தக்காரர்கள் பலர் இதை ரத்தப் பரிசோதனை என்றே நினைத்தார்கள். ரத்தத்தில் பார்க்கும் சிஇஏ என்ற புற்றுநோய் மார்க்கர் வேறு. அது நார்மலாக இருப்பதை வைத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று, திசு மார்க்கர்களும் நூற்றுக்கு நூறு இல்லை. தோலிலேயே உருவானதில் சில சமயம் சிகே20 பாசிட்டிவாக வரும். அதனால் ரிப்போர்ட் நல்லபடியாக வந்த பிறகும் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் அதேபோல் பார்ப்பது), மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எல்லாம் செய்தார்கள். கொலனோஸ்கோப்பிக்கு முந்தின நாள் பேதி மருந்து குடித்து அம்மா துவண்டுபோனார். அது ஒன்றுதான் உடம்பை வாட்டியது. எதிலும் கட்டி இல்லை.

பிறகு ஆபரேஷன். கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டியும் செல்கள் பரவியிருக்கும் என்பதால், சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்தே எடுத்தார்கள். ஓரங்களில் நோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் இது திரும்ப வரக்கூடிய நோய், தொடர்ந்து செக்கப் போகிறோம். அந்த இடத்தில் மறுபடி சிவந்தால் புதிதாக பயாப்ஸி எடுத்துப் பழைய ஸ்லைடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். பிளாக்கைத் திரும்பக் கேட்டு வாங்கி, ரிப்போர்ட் ஃபைலோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.