பூட்டிக் கிடந்த பங்குக்கு 340 யூனிட்: மீட்டர் சரி, நியூட்ரல்தான் தப்பு

செட்டிநாட்டில் பங்கு பிரித்த வீடு வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த எங்கள் பங்குக்கு இரண்டு மாதத்தில் 340 யூனிட் ஓடி, 893 ரூபாய் பில் வந்தது. 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35, மீதி 140க்கு 4.70. கூட்டல் சரிதான். ஃபிரிட்ஜ்கூட ஓடாத வீட்டில் யூனிட் எப்படி ஏறியது?

மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலிருந்து மீட்டரைக்கூட வந்து பார்க்கவில்லை. "மீட்டர் டெஸ்டுக்கு எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதிக்கொண்டு போனால், "சர்வீஸ் உங்க ஐயா பேர்ல இருக்கு, பேரை மாத்திட்டு வாங்க" என்று அடுத்த மேசையில் மனுவைத் திருப்பிவிட்டார்கள். பெயர் மாற்ற வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்டார்கள். வாரிசுகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் பினாங்கில். கையெழுத்து சேர்ப்பதற்குள் அடுத்த பில்லும் வந்துவிட்டது. புகார் நிலுவையில் இருக்கிறதே என்று பில்லைக் கட்டாமல் விடாதீர்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

கடைசியில் கட்டணம் கட்டி, மீட்டரைச் சோதித்து வந்த முடிவு: "மீட்டர் சரி." உண்மையிலேயே அது சரியாகத்தான் இருந்தது. இத்தனை அலைச்சலும் தேவைப்பட்டிருக்காது, யாராவது முகப்பில் நின்று மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்திருந்தால்.

இப்போதைய சிங்கிள் ஃபேஸ் எலக்ட்ரானிக் மீட்டர்களில் பெரும்பாலும் 'ஈ.எல்.' அல்லது 'எர்த்' என்று எழுதிய விளக்கு ஒன்று இருக்கும். சிலவற்றில் அது திரையில் குறியாக வரும். ஃபேஸ் வயரில் வீட்டுக்குள் போகிற கரண்டும் நியூட்ரல் வயரில் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அது எரியும். திருட்டைத் தடுக்க, இந்த மீட்டர்கள் இரண்டையும் அளந்து, எது கூடுதலோ அதையே கணக்கில் எடுக்கின்றன. அதனால் உங்கள் ஃபேஸில் ஒன்றுமே ஓடாவிட்டாலும், உங்கள் நியூட்ரல் வழியாகப் பக்கத்துப் பங்கின் கரண்ட் திரும்பினால் யூனிட் உங்களுக்கும் ஏறும்.

நம் வீடுகளில் இது நடக்க நிறைய வாய்ப்பு. முதலில் ஒரே சர்வீஸ். முகப்பிலிருந்து வளவு (முற்றப் பகுதி), இரண்டாங்கட்டு, அடுப்படி வரை மரக் கேசிங்கில் ஒரே வயரிங். பங்கு பிரித்தபோது இரண்டாவது சர்வீஸ் வாங்கி ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு, நியூட்ரலைப் பழைய இடத்திலேயே விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டு உத்திரத்துக்குப் பின்னால், பலகைப் பெட்டிக்குள், இரண்டு பங்கின் கறுப்பு நியூட்ரல் வயரும் ஒன்றாக முறுக்கி ஒரே டேப் சுற்றியிருந்தது. பங்காளி பக்கம் ஏசி ஓடும்போதெல்லாம் திரும்புகிற கரண்டில் ஒரு பகுதி எங்கள் மீட்டர் வழியாகப் போயிருக்கிறது. மெயினை அணைத்துவிட்டுத்தானே போனோம் என்று கேட்பீர்கள். எங்கள் மெயின் ஃபேஸை மட்டும் வெட்டுகிற சிங்கிள் போல். நியூட்ரல் அப்படியே இணைப்பில் இருந்தது.

கண்டுபிடிப்பது சுலபம். மெயினை அணைத்த பிறகும் ஈ.எல். எரிகிறதா, யூனிட் ஓடும்போது மின்னும் பல்ஸ் விளக்கு துடிக்கிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, மீட்டரிலிருந்து வெளிவரும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்து வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விடச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒன்று நியூட்ரல் கலந்திருக்கிறது, அல்லது எங்கோ எர்த்தில் கசிகிறது. கலப்புதானா என்று உறுதி செய்ய, இரண்டு பங்கின் சப்ளையையும் நிறுத்தி, போர்டில் இரண்டு நியூட்ரலையும் கழற்றி, வீட்டுக்குள் போகும் வயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்தால் 'பீப்' அடிக்கும். பிறகு வீட்டின் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். இன்வெர்ட்டரின் அவுட்புட் நியூட்ரலையும் மறக்காமல் பாருங்கள். அதிலும் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும்.

ஒரு பக்கத்தை மட்டும் அணைத்துவிட்டுப் பொது நியூட்ரலில் கைவைக்க விடாதீர்கள். எதிர்ப் பக்கம் லோடு ஓடும்போது நியூட்ரலைப் பிரித்தால், பிரிந்த முனையில் 230 வோல்ட் நிற்கும். உயிர் போகிற விஷயம்.

பிரித்த பிறகு இரண்டு பங்குக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற டபுள் போல் மெயினும், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் தனித்தனியாகப் போட்டோம். இனி யாராவது நியூட்ரலைக் கலந்தால் ஆர்சிசிபி ட்ரிப் ஆகிக் காட்டிக்கொடுக்கும். பங்காளி பக்கம் இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் கொஞ்சம் சிரமம். அவர்கள் மீட்டர் ஃபேஸைப் பார்த்துச் சரியாகவே ஓடியதால், அவர்கள் பில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. செலவை நாங்களே ஏற்றுக்கொண்டோம். அடுத்த பில் பூஜ்ஜியம். ஆனால் பழைய பணம் திரும்பவில்லை. மீட்டருக்குப் பின்னால் உள்ள வயரிங் நம் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

ஆள் குடியிருக்கும் வீட்டில் இந்தக் கலப்பு இருந்தால் நஷ்டம் இன்னும் பெரிது. அதே 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048.40. 500ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறும் 2.35லிருந்து 4.70க்குத் தாவிவிடுவதால், அந்த ஒரு யூனிட்டின் விலை 243.40 ரூபாய். இந்த எல்லையில் நிற்பவர்கள் பழைய 75 வாட் ஃபேனை குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினாலே, தினம் 16 மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம்.

ஊருக்குக் கிளம்பும்போது மீட்டர் எண்ணும் ரீடிங்கும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஈ.எல். விளக்கும் அதில் விழட்டும். மீட்டர் கதவுக்கு உள்ளே இருந்தால் வெளியே மாற்ற எழுதிக் கொடுங்கள். ரீடிங் எடுக்க வருபவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால், முந்தைய பில் தொகையையே போட்டுவிடுவார்கள்.