கடைமடை அணி

2020 ஜனவரியில் பூடோவில் வந்து இறங்கினோம். நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிய ஊர். திருத்துறைப்பூண்டி வெயிலில் வளர்ந்தவளுக்கு மத்தியானம் மூன்று மணி இருட்டு பழகவே இல்லை. சேர்ந்த மொழி வகுப்பையும் கொரோனா வந்து மூடிவிட்டது.

ஜூன் 12 அன்று அப்பாவின் போன். "மேட்டூர் தொறந்துட்டாங்கம்மா. எட்டு வருசம் கழிச்சு இப்பதான் சரியா தேதிக்குத் தொறக்குறாங்க." 16ஆம் தேதி கல்லணை. கொரோனாவால் தள்ளிப்போன நார்வே கால்பந்து லீக்கும் அதே 16ஆம் தேதிதான் தொடங்கியது.

எதிர்வீட்டுப் பெரியவர் பூடோ கிளிம்ட் அணிக்காகவே உயிர் வாழ்கிறவர். பால்கனிக் கம்பியில் ஆளுயர மஞ்சள் டூத் பிரஷ் ஒன்றைக் கட்டியிருந்தார். பெயின்ட் உரிந்து, நுனியில் மட்டும் மஞ்சள் பளிச்சென்று இருக்கும். அந்த அணியின் ரசிகர்களுக்கு அதுதான் கொடி. எனக்கு நார்வே மொழியில் எண்கள் வந்ததே அவர் சொல்லித்தந்த புள்ளிப் பட்டியலால்தான். 16 அணிகள், ஆளுக்கு 30 ஆட்டம், கடைசி இரண்டு அணிகள் நேராகக் கீழ் டிவிஷனுக்கு.

ஒருநாள் பழைய கதை சொன்னார். வடக்கத்தி அணிகளை 1963 வரை தேசியக் கோப்பையில் சேர்க்கவில்லை. முதல் டிவிஷனுக்கு ஏறும் வழியையும் 1972 வரை அடைத்தே வைத்திருந்தார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் ஊரைச் சொன்னேன்: ஆற்றில் தண்ணீர் ஓடும், கடைசி மடைக்கு மட்டும் வராது. அவர் பேசாமல் தலையாட்டினார். மறுநாளிலிருந்து தினமும் விசாரிப்பு: "அப்பாவுக்குத் தண்ணீர் வந்ததா?"

அங்கே அப்பாவும் கேட்கத் தொடங்கினார், "ஒங்கூரு டீமு என்னாச்சு?" தாத்தா ஹரால்ட் பெர்க் ஆடிய அணியில் இப்போது பேரன் பாட்ரிக் பெர்க் ஆடுகிறார் என்று சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "பாட்டன் பூமிய விடல பாரு!"

நவம்பர் 22. வெளியூரில் ஸ்ட்ரோம்ஸ்குட்செட்டை 2-1 என வென்று, ஐந்து ஆட்டம் மீதமிருக்கும்போதே கிளிம்ட் சாம்பியன். 1916இல் தொடங்கிய கிளப்புக்கு இது முதல் பட்டம், வட நார்வேக்கும் முதல் பட்டம். பெரியவர் அழைப்பு மணியை அடித்துவிட்டு, கொரோனா இடைவெளிக்காக நாலடி தள்ளி நின்று அழுதார். நானும் அழுதேன். விடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "கடமடக்காரனா ஜெயிச்சான்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் மழை. டெல்டாவே வெள்ளக்காடானது. எங்கள் சம்பாவும் மூழ்கியது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பேசிய அப்பாவின் குரல் எனக்குப் பிடிபடவே இல்லை.

லீக் முடிந்தபோது கிளிம்ட் கணக்கில் 81 புள்ளி, 103 கோல். அன்று பெரியவர் வாயில் கோல் பேச்சே இல்லை.

"அப்பா வயலில் தண்ணீர் வடிந்துவிட்டதா?"

"வடிந்துவிட்டது. பாதி தேறும் என்கிறார்."